சிவப்புக் கம்பியும் தம்பி வீட்டு வெந்நீரும்

1

இதை எழுதத் தூண்டியது பொறாமைதான். வேறு கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை.

ஊரில் இருக்கும் என் தம்பி குமரேசன் மேல் எனக்கு முப்பது வருடமாகப் பொறாமை. காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறான். பைக்கில் டவுனுக்குப் போய் ஆபீஸ் வேலை பார்க்கிறான், மத்தியானம் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறான், கால் மணி நேரம் கண்ணை மூடுகிறான், மறுபடி போகிறான். நான் பாரிஸுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறி முடித்து, நின்றபடியே ரொட்டி கடிக்கிறேன். என் மனைவி சுமதிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. அவளைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிய அன்று தெருவே என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. அந்தப் பொறாமை நாலைந்து வருடத்தில் தீர்ந்துபோய்விட்டது. என்னுடையது தீரவில்லை.

போன வருடம் அதோடு ஒரு சோலார் ஹீட்டரும் சேர்ந்துகொண்டது.

2

கூரை மேல் பலகை வைத்து வெயிலில் வெந்நீர் போடும் யோசனை முதலில் எனக்குத்தான் வந்தது. இதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் பழைய பாய்லர் இருமிக்கொண்டே ஓடுகிறது. இரண்டு பேர் குளித்தால் மூன்றாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். மகள் நித்யா வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போனபின் மூன்றாவது ஆளே இல்லை என்பது வேறு விஷயம்.

போன வருடம் குளிர் விட்ட சமயத்தில் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். கூரையைப் பார்த்தார், தெற்கு முகம் என்று மெச்சினார், ஒரு படிவத்தை எடுத்தார். அதில் ஒரு கேள்வி: இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருடம் இருக்க உத்தேசம்? பலகைக்கு ஆயுள் அதிகம், அதனால் கேட்கிறோம் என்றார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுமதி என்னைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தை அப்புறம் நிரப்பலாம் என்று அவரே சொல்லிவிட்டு, மேரியில் அனுமதி வாங்கச் சொல்லிப் போய்விட்டார்.

மேரி என்றால் நகராட்சி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் அப்படிச் சொன்ன தலைமுறையில் நான் கடைசி ஆள், இங்கே அதுதான் நடப்புப் பெயர். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. பழைய கட்டடம் பக்கத்தில் இருந்தால் கூரையில் எது வைப்பதற்கும் அதற்கென்று ஓர் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். வரைபடம் கொடுத்தேன். பலகையின் நிறம் கேட்டார்கள், கொடுத்தேன். தெருவிலிருந்து படம் கேட்டார்கள், எடுத்தேன். பிறகு தேவாலய வாசலில் நின்று என் கூரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. அங்கே நின்றால் என் கூரை தெரியாது. நடுவில் ரொட்டிக்கடை மாடி மறைக்கிறது. தெரியவில்லை என்பதற்குத்தான் படம் வேண்டுமாம். இல்லாத கூரைக்கு ஆறு படம் எடுத்தேன்.

முப்பது வருடம் ஆகியும் மேரி கவுண்டரில் நின்றால் என் பிரெஞ்சு பாதியில் உட்கார்ந்துவிடும். வீட்டில் ஒத்திகை பார்த்துப்போன வாக்கியம் தொண்டையிலேயே நிற்கும். மீதியைக் கையால் சொல்வேன். கூரையின் சாய்வைக் காட்டுவதற்காகக் கையை வீசி, என் கண்ணாடியை நானே தட்டிவிட்டேன். கவுண்டரில் இருந்த அம்மாள் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

முன்பெல்லாம் நித்யா கூட வருவாள். எட்டு வயதில் எனக்காக மேரியில் பேசிய பிள்ளை அவள். இப்போது போன் செய்தால், “மெயில் போடுங்க பப்பா, பாக்கறேன்” என்கிறாள், அதுவும் பிரெஞ்சில். ஒருநாள் சித்தப்பாவோடு அவள் வீடியோவில் பேசிக்கொண்டிருப்பதைச் சுமதியின் போனில் தற்செயலாகக் கேட்டேன். தமிழ்! உடைசல்தான், ஆனாலும் தமிழ். என்னைப் பப்பா என்கிறவள் அவனைச் சித்தப்பா என்று முழுசாகக் கூப்பிடுகிறாள். எனக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சலில் தண்ணீர் சுடும் என்றால் எனக்குப் பலகையும் வேண்டாம், மேரியும் வேண்டாம்.

3

நான் இப்படித் தேவாலய வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. அவனும் சோலார் ஹீட்டர் வைக்கப்போகிறானாம்.

காரணம் நியாயமானது. தம்பி மனைவி தேவகிக்குக் கைவிரல் முட்டிகளில் வாதம். அவளுக்குப் பிறந்த வீடு மண்டபத்தூர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பாவின் மீன் வியாபாரத்தில் பெட்டி பெட்டியாக ஐஸில் கை வைத்து மீன் பிரித்தவள். அந்த ஐஸ் இப்போது வேலையைக் காட்டுகிறது. மார்கழி, தை மாதங்களில் விடிந்ததும் விரல் மடங்காது. தினம் கொஞ்ச நேரம் வெந்நீரில் கையை வைத்திருக்க வேண்டும், குளிப்பதும் வெந்நீரில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பானையைத் தூக்க அந்தக் கைகளால் ஆகாது.

கோட்டுச்சேரி அன்வர் பாய் வந்து பார்த்திருக்கிறார். வளைகுடா நாட்டில் பல வருடம் மாடி மாடியாகக் குழாய் வேலை செய்துவிட்டுத் திரும்பிய பிளம்பர். ஒரே நாளில் வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், எந்தக் கோவில் வாசலிலும் நின்று படம் எடுக்க வேண்டாம்.

குமரேசன் அனுமதி கேட்டது என்னிடம் மட்டும்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. நெறஞ்ச டேங்க்கு கனமாம். தெக்கால இருக்குற ரெண்டு தூணு தலையில ஸ்டாண்டு உக்காந்தாதான் தளத்துக்கு நல்லதுன்னு பாய் சொல்றாரு. புயல் வந்தாலும் அசையாதாம். அந்தக் கம்பிய மட்டும் அறுக்க வேண்டி வரும். நீங்க வேணாம்னா வேணாம்ணே.”

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிற யாரும் மொட்டை மாடியோடு முடிப்பதில்லை. தூண் கம்பிகளை மேலே மூன்றடி நீட்டி விட்டுவைப்பார்கள். பிற்பாடு வசதி வரும், மாடி எடுக்கலாம் என்ற கணக்கு. தெருவில் எந்த வீட்டு மாடியைப் பார்த்தாலும் கம்பி நிற்கும். சில வீடுகளில் கம்பி விட்டவர் போய்ச் சேர்ந்திருப்பார், கம்பி நின்றுகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் மாடியின் தெற்குப் பாதியில் நாலு தூண். அப்பா கம்பியை விட்ட அன்றே சொல்லிவிட்டார்: கீழே சின்னவனுக்கு, மேலே பெரியவனுக்கு.

ஒவ்வொரு ஜூலையிலும் ஊருக்குப் போகும்போது நான் செய்கிற முதல் வேலை, அந்த நாலு தூண் கம்பிக்கும் ரெட் ஆக்சைடு அடிப்பது. கடல்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கும் டப்பாவை எடுத்துப் போய், ஒவ்வொரு கம்பியாகத் துருவைச் சுரண்டி, சிவப்பு பூசுவேன். ஓய்வு பெற்றதும் மாடி எடுப்பேன். இரண்டு அறை, கடல் பக்கம் ஒரு பால்கனி. மனசுக்குள் ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டேன். திரும்பி வருவாயா என்று யார் கேட்டாலும் நான் வாயால் பதில் சொல்ல வேண்டாம், மாடியில் சிவப்பாக நிற்கிறது.

அதைத்தான் அறுக்கட்டுமா என்று கேட்டான்.

“ஜூலைல நான் வர்றேன். நானே பாத்துச் சொல்றேன்” என்றேன்.

4

ஜூலையில் போனேன். பள்ளிக்கூடச் சமையலறைக்கு அப்போதுதான் விடுமுறை. முப்பது வருடமாக நான் ஊருக்குப் போனதெல்லாம் அந்த மாதம்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மறுநாள் உச்சி வெயிலில் டேப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பின்னால் தம்பி, அவனுக்குப் பின்னால் அன்வர் பாய். மாடியின் நடுவில் மாடிப்படி அறை இருக்கிறது, அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. அந்த அறைக்கு வடக்கே சுவரை ஒட்டினாற்போல ஒரு காலி இடம். பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. கீழே சுவர் இருப்பதால் கனம் தாங்கும். கம்பியிடமிருந்து தள்ளியும் இருந்தது.

“இங்க வைங்க” என்றேன்.

அன்வர் பாய் தாடையைத் தடவினார். “சார், இங்க வச்சா இந்த ரூமு மறைக்குமே.”

“எங்க மறைக்குது? நெழலப் பாருங்க.”

நிழல் தெற்கே விழுந்திருந்தது. இரண்டடிதான், ஆனாலும் தெற்கே. வடக்கு மூலை தகதகவென்று வெயிலில் கிடந்தது. டேப்பை வைத்து அளந்தேன். நிழலையும் டேப்பையும் சேர்த்துப் படம் எடுத்தேன். மேரிக்குப் படம் எடுத்து எடுத்துக் கை பழகியிருந்தது, எல்லாவற்றுக்கும் ஆதாரம் வைத்தேன்.

“இது ஆடி வெயில் சார். இப்ப வடக்கால நிக்கும். மார்கழியில தெக்கால எறங்கிடும். அப்பத்தான நமக்கு வெந்நீர் வேணும்?”

“அதுக்குத்தான் பலகைய நல்லா நிமித்தி வைங்கங்கறேன். நாப்பத்தஞ்சு டிகிரி. எங்க ஊர்ல எல்லாம் அப்படித்தான்.”

எங்க ஊர் என்று எதைச் சொன்னேன் என்று பாருங்கள். அன்வர் பாய் தம்பியைப் பார்த்தார். நான் விடவில்லை. கம்பெனிக்காரர் கொடுத்த புத்தகத்தில் படித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க ஒரு திரவம் ஊற்ற வேண்டும், அது இங்கே கிடைக்குமா என்றும் கேட்டேன்.

“தண்ணி உறையுறதுக்கா?” என்றார் பாய். “காரக்கால்லயா?”

கைப்பிடிச் சுவர் ஓரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தேவகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு முகம் சூடேறியது. அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

“பாய், சொன்னதச் செய்யுங்க. அளந்து பாத்துத்தானே சொல்றேன்.”

அவர் தம்பி பக்கம் திரும்பினார். குமரேசன், “அண்ணன் சொல்றாங்கல்ல, அங்கயே வச்சுடுங்க பாய்” என்றான். எங்கள் வீட்டில் பெரியவன் ஒன்று சொல்லிவிட்டால் சின்னவன் மறுத்துப் பேசுவதில்லை. ஊரில் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் அது. அதை அன்றைக்கு முழுசாகப் பயன்படுத்தினேன்.

அந்த வாரமே வைத்துவிட்டார்கள். நான் கிளம்புகிற அன்று குழாயைத் திறந்து காட்டினான். சூடாகத்தான் வந்தது.

5

திரும்பி வந்ததும் மேரியிலிருந்து இன்னொரு கடிதம் காத்திருந்தது. படங்களில் தேதி இல்லையாம், மறுபடி எடுக்க வேண்டும்.

இங்கே சீக்கிரமே குளிர் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தம்பிக்குப் போன் செய்வது எங்கள் வழக்கம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“தண்ணி சுடுதா?”

“சுடுதுண்ணே.”

ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் மூடிக் கிடந்தபோதுகூட, “மழைல செத்த கம்மிதான், ஆனா வருதுண்ணே” என்றான். மார்கழி பிறந்தது. “தண்ணி சுடுதா?” “சுடுதுண்ணே.” தேவகியும் பக்கத்திலிருந்து, “நல்லா இருக்கு மாமா, கைக்கு எதமா இருக்கு” என்பாள்.

போனை வைத்துவிட்டு நான் இருமும் பாய்லரைத் திறந்து, பாதியில் ஆறிப்போகும் தண்ணீரில் குளிப்பேன். கோவில்பத்தில் அவன் மக்கு மக்காக வெந்நீரை மொண்டு முதுகில் ஊற்றிக்கொள்வது கண்ணில் தெரியும். யாரிடமும் கேட்காமல், எதற்கும் காத்திருக்காமல், தலைக்கு மேல் இருப்பதை இறக்கிக் குளிக்கிறான். எனக்கும் பிறந்தபோது அதே வெயில்தானே கொடுத்தார்கள்? சுமதியிடம் இதைச் சொன்னேன். “நீங்கதான எடம் காட்டிக் குடுத்தீங்க, சந்தோஷப்படுங்க” என்றாள். சந்தோஷப்பட முயன்றேன். வரவில்லை.

அப்புறம் நித்யா விஷயம். பொங்கலுக்கு அவள் காரைக்கால் போகிறாள் என்பது எனக்குத் தம்பி வாயால் தெரிந்தது. “நித்யாவக் கூப்பிட நானே மெட்ராஸ் போயிடறேண்ணே, நீங்க கவலப்படாதீங்க” என்றான். எதற்குக் கவலை என்று எனக்குப் புரியவில்லை. அவள் டிக்கெட் எடுத்தே ஒரு மாதம் ஆகியிருந்தது. மகளுக்குப் போன் செய்து கேட்டேன்.

“சொன்னா, நீங்களும் வர்றேன்னு சொல்லுவீங்க பப்பா. லீவு கிடைக்காது. அப்புறம் ரெண்டு பேருமே போக மாட்டோம்.”

அவள் சொன்னது சரிதான், அதனால் இன்னும் கோபம் வந்தது. நான் முப்பது வருடத்தில் ஒரு பொங்கலுக்கும் ஊரில் இல்லை. இருபத்தைந்து வயதில் அவள் போகிறாள், அதுவும் என் தம்பி வீட்டுக்கு. என் ஊர் என்று எழுதத்தான் நினைத்தேன், கை இப்படி எழுதுகிறது.

6

பொங்கல் முடிந்த சனிக்கிழமை. இங்கே காலை ஆறரை, அங்கே பதினொன்று. நித்யா வீடியோவில் கூப்பிட்டாள், பேசியது வழக்கம்போலப் பிரெஞ்சில். அவள் முகத்துக்குப் பின்னால் எங்கள் மாடி, அதற்குப் பின்னால் கண்ணைக் கூசும் வானம்.

“பப்பா, ஹீட்டர் எங்க வைக்கணும்னு யார் சொன்னது?”

“ஏன்?”

“இங்க பாருங்க.”

கேமராவைத் திருப்பினாள். மாடி பூராவும் வெயில். மாடிப்படி அறையின் நிழல் மட்டும் கறுப்பாக வடக்கே நீண்டு விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள், நாற்பத்தைந்து டிகிரி நிமிர்ந்து, என் பலகை நின்றது.

“தண்ணி சில்லுனு வருது பப்பா. நான் வந்த மறுநாளே தெரிஞ்சுது. சித்தப்பா பொய் சொல்லிட்டு இருக்காங்க. விடிகாலைல எழுந்து பக்கெட்ல ஹீட்டர் ராடு போட்டு, அவங்களே தூக்கிட்டுப் போய் சித்திக்கு வைக்கறாங்க. தினமும். பத்து நாளா பாக்கறேன். போன வாரம் சித்தப்பா ராட ஆஃப் பண்ண மறந்துட்டாங்க, சித்தி கரன்ட்டோட அந்தத் தண்ணில கை வைக்கப் போய்ட்டாங்க. நான்தான் இழுத்தேன்.”

சித்தப்பா, சித்தி, ராடு என்பதெல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும், பின்னால் தம்பியின் குரல் கேட்டது. “நித்யா, அப்பாகிட்ட அதெல்லாம் எதுக்குப்பா...”

மார்கழி முழுக்க இல்லாத வெந்நீருக்கு நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அது மட்டுமா? கையிலே வாதம் வந்தவளுக்கு வெந்நீர் வராமல் செய்துவிட்டு, அவளிடமே சுடுகிறதா என்று விசாரித்திருக்கிறேன். அவளும் இதமாக இருக்கிறது என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிவிடலாம். ஜூலை வெயில் மட்டும் தெரிந்த ஆள், நிழலைப் பார்த்து ஏமாந்துவிட்டான் என்று. அன்வர் பாய்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அது உண்மை இல்லை. எனக்கு மார்கழி வெயில் நன்றாகத் தெரியும்.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், மார்கழிக் காலையில் கிணற்றடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, துவட்டியும் துவட்டாமலும் மாடிக்கு ஓடுவோம். தெற்குக் கைப்பிடிச் சுவர் ஓரம், இரண்டு கம்பித் தூணுக்கும் நடுவில்தான் முதல் வெயில் விழும். ஒரு ஆள் நிற்கும் அகலம். அங்கே வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் நடுக்கம் நிற்கும். நான் பெரியவன், முதலில் ஓடிப் பிடிப்பேன். குமரேசன் மாடிப்படி அறை நிழலில் நின்று பல் தந்தியடிக்க, “அண்ணே, செத்த நவுறுண்ணே” என்பான். நகர மாட்டேன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும்.

ஜூலையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அது என் ஞாபகத்துக்கு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். கம்பி நிற்க வேண்டும் என்பதற்காக அவனை மறுபடி அதே நிழலில் நிற்க வைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

“பப்பா, இருக்கீங்களா?” என்றாள் நித்யா. “இன்னொண்ணு. இந்தச் சிவப்புக் கம்பி எல்லாம் எதுக்கு? அன்வர் அங்கிள் இங்க வைக்கலாம்னு சொல்றாங்க. சித்தப்பா வேணாம்னு சொல்றாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க.”

அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் நமக்கு ஒரு மாடி வரப்போகிறது என்று மகளுக்குச் சொல்லவே தோன்றவில்லை. அந்த இரண்டு அறையில் அவளுக்கென்று நான் ஒன்றும் ஒதுக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

“பழைய கம்பிம்மா. சித்தப்பாகிட்ட குடு.”

குமரேசன் முகம் வந்தது. தப்பு செய்தவன் மாதிரி நின்றான். தப்பு என்னுடையது, நிற்பது அவன்.

“கம்பிய அறுத்துட்டு ஹீட்டரத் தெக்கால வைடா.”

“வேணாம்ணே. வெயில் ஏறிட்டா தண்ணி சுமாரா வரும். தை போயிட்டா சரியாயிடும்.”

“பொய் சொல்லாத.”

“அது அப்பா வச்சதுண்ணே. உங்களுக்குன்னு வச்சது. நீங்க வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கறத நான் பாக்கலையா? அத அறுத்துட்டு நான் வெந்நீர்ல குளிக்கணுமா?”

“நீ இல்லடா. தேவகி கை.”

தேவகி பக்கத்தில் வந்து நின்றாள். சேலைத் தலைப்பில் இரண்டு கையையும் சுற்றிவைத்திருந்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கைகளைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

“அப்ப எல்லாம் அந்த வெயில்ல நான்தான் நிப்பேன், ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“இருக்குண்ணே” என்றான்.

இல்லை என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். மூன்று மாதம் பொய் சொன்னவன் அதற்கு மட்டும் பொய் சொல்லவில்லை.

“நவுந்துட்டேன். வச்சுக்க” என்றேன்.

7

அறுக்கும்போது நித்யா வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். முடிந்தபின் ஒரு படம் அனுப்பினாள். தெற்குத் தூண் இரண்டும் மட்டமாக அறுபட்டு, அதன் தலையில் ஸ்டாண்டு, அதில் பலகை. சாய்வை அன்வர் பாய் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தார், படுக்கப்போகிறவன் மாதிரி மெத்தனமாகச் சாய்ந்திருந்தது. வடக்குப் பக்கத்து இரண்டு தூணின் கம்பி மட்டும் சிவப்பாக நின்றது. இரண்டு தூணை வைத்து யாரும் மாடி எடுக்க முடியாது. கொடி கட்டலாம். கட்டியிருந்தார்கள், அதில் நித்யாவின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் துண்டைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

சித்தி அவளுக்குக் கம்பியின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. படத்தோடு ஒரு வரி தமிழில் வந்தது. எனக்கு அவள் தமிழில் அனுப்பிய முதல் வரி: “அப்பா ஏன் என்கிட்ட சொல்லல”. கேள்விக்குறிகூட இல்லை. பப்பா இல்லை, அப்பா. அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. நேரில் வந்ததும் சொல்கிறேன் என்று மட்டும் அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

போன வாரம் மேரியிலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. என் கூரை தேவாலயத்திலிருந்து தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பலகை வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்காரரின் படிவத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். எத்தனை வருடம் இருக்க உத்தேசம் என்ற கட்டம் காலியாகவே இருந்தது. சுமதி அடுப்படியில் இருந்தாள். அவளைக் கேட்காமலே இருபது என்று எழுதினேன். எழுதிவிட்டுத் தபாலில் போட்டேன். திரும்பி வரும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் செய்தேன்.

“தண்ணி சுடுதா?”

“சுடுதுண்ணே.”

“தேவகிகிட்ட குடு.”

தேவகி வாங்கினாள். “மாமா, கலக்காம கை வைக்க முடியல. பச்சத் தண்ணி சரிபாதி ஊத்த வேண்டியிருக்கு. காலைல வெரலு மடங்குது. இப்ப நான்தான் வெங்காயம் உரிச்சேன்.”

நம்பினேன். வயிறும் பழையபடி எரிந்தது. இந்த முறையாவது எரிவதற்கு அங்கே நிஜமாகவே வெந்நீர் இருந்தது.

தம்பி திரும்பப் போனை வாங்கினான். எனக்குப் பெயின்ட் டப்பா ஞாபகம் வந்தது.

“மாடிப்படிக்குக் கீழ பாதி டப்பா ரெட் ஆக்சைடு கெடக்கும். இனிமே கம்பிக்குத் தேவையில்ல. ஹீட்டர் ஸ்டாண்டுக்கு அடிச்சுடு. கடல்காத்துல துருப் புடிச்சுடும்.”

“நான் எதுக்குண்ணே அடிக்கறேன்? அது உங்க வேல. ஜூலைல வந்து அடிங்க.”

டப்பாவை இறுக்கி மூடி வைக்கச் சொன்னேன், காற்றுப் பட்டால் பெயின்ட் காய்ந்துவிடும் என்றேன்.